வரையாமல் விட்ட பள்ளம்

அருங்காட்சியகத்தில் எல்லாரும் அவளைப் பென்சிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் காதோரம் செருகிய பென்சிலோடே பஸ் ஏறி வீடு வரைக்கும் போய்விடுவாள். அதைப் பார்த்து ஒரு காவலாளி வைத்த பெயர் அது. அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார், பெயர் போகவில்லை. மண்ணிலிருந்து எடுத்துவரும் பானை ஓடு, எலும்பு, கல் எதுவானாலும் அதை அளந்து, அச்சில் போடும் அளவுக்குச் சுத்தமாக வரைந்து கொடுப்பது அவள் வேலை. கேமரா நிழலில் விட்டுவிடுவதையும் கை வரைந்து காட்டிவிடும். அதனால் பொருளை நேரில் பார்க்க முடியாத ஆய்வாளர்கள் அவளுடைய படத்தை நம்பித்தான் எழுதுவார்கள்.

அவளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த படம் ஒன்று உண்டு. தாய்முகம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, கறுத்த மாக்கல் வில்லை அது. மேலே இரண்டு துளை, கீழே ஒன்று. துளைகளைச் சுற்றிக் கதிர் போலச் செதுக்கிய கோடுகள். பார்த்த மாத்திரத்தில் இரண்டு கண்ணும் ஒரு வாயும் தெரியும். எட்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய மனிதர்கள் வணங்கிய தாயின் முகம் என்று அப்போதைய இயக்குநர் எழுதினார். கல் முதல் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அவள் வரைந்த படம் நுழைவுச் சீட்டிலும், கடையில் விற்கும் துணிப்பையிலும், பள்ளிக்கூட வரலாற்றுப் புத்தகத்தின் அட்டையிலும் இருந்தது.

ஒரு நாள் காலையில், வேறொரு ஊர் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பெண் அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கல் கருவிகளில் உள்ள தேய்மானத்தை நுண்ணோக்கியில் பார்த்து, அவை எதற்குப் பயன்பட்டன என்று கண்டுபிடிக்கிற ஆய்வாளர். முப்பது வயது இருக்கும். வந்ததும் வராததுமாகப் பென்சிலக்காவின் மேஜையில் மூன்று தாய்முகங்களை வரிசையாக எடுத்து வைத்தாள்.

"எல்லாம் நான் செஞ்சதுதான் அக்கா. உங்க படத்த வெச்சு. ஒரு மில்லிமீட்டர்கூட மாறல."

"எதுக்குமா மூணு?"

"ரெண்டு உடைஞ்சா ஒண்ணாவது மிஞ்சட்டும்னுதான்." சிரித்துவிட்டு ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினாள். "உங்க குறுக்குவெட்டுப் படத்துல துளைக்கு உள்ள சுருள் சுருளா வரி போட்டிருக்கீங்க இல்ல? திருகாணி மரை மாதிரி?"

"ஆமா. கல்லுல இருக்கு."

"அதுதான் அக்கா என்னத் தூங்க விடல. முகம்னா கண்ணுக்குள்ள எதுக்கு மரை போடணும்? யாரும் பார்க்காத இடத்துல போய் இவ்வளவு மெனக்கெட்டு?"

பென்சிலக்காவுக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. பதினெட்டு வருஷமாக யாரும் கேட்காத கேள்வி.

ஆய்வாளர் தன் யோசனையைச் சொன்னாள். இது முகமில்லை, கயிறு திரிக்கிற கல். மூன்று துளைக்குள்ளும் மூன்று கட்டு நாரை விட்டு, அந்தப் பக்கம் மூன்று பேர் நின்று முறுக்க வேண்டும். உள்ளே இருக்கும் மரை நாரைப் பிரியவிடாமல் ஒரே திசையில் சுழற்றிக் கொடுக்கும். இந்தப் பக்கம் மூன்றும் ஒன்றாகப் பின்னிக் கயிறாக இறங்கும். செய்தும் பார்த்திருக்கிறாள்.

"வந்துச்சா?"

"அங்கதான் இடிக்குது. ஒரு முழம் அழகா வருது. அப்புறம் கயிறு கல்லோட ஓரத்துல அங்கயும் இங்கயும் நழுவி, சிக்கிப் பிஞ்சுடுது. கீழ்த் துளைக்கும் விளிம்புக்கும் நடுவுல கயிறு உட்கார்ந்து போக ஒரு வழி இருந்திருந்தா சரியாயிருக்கும். ஆனா உங்க படத்துல அந்த இடம் வழுவழுன்னு இருக்கு. அதான், கல்லையே ஒருமுறை பார்த்துடலாம்னு."

பென்சிலக்காவின் கை மேஜைமேல் இருந்த அளவுகோலைத் தேவையில்லாமல் நேராக்கியது. ஓரம் என்ற சொல் காதில் விழுந்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"பெட்டியத் திறக்க அனுமதி வாங்கணும். அதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும்" என்றாள்.

"வாங்கிட்டேன் அக்கா" என்று ஆய்வாளர் கடிதத்தை நீட்டினாள்.

*

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இருபத்தெட்டு வயது. தற்காலிக வேலை. அகழாய்வு நடக்கும் இடத்திலேயே கூடாரத்தில் உட்கார்ந்து வரைவாள். குழியில் பதமாகத் தோண்ட வேண்டிய இடம் வந்தால் ஒரே ஓர் ஆளைத்தான் இறக்குவார்கள். அவருக்குப் பூனை என்று பட்டப்பெயர். நடக்கிற சத்தம் கேட்காது. முட்டை ஓட்டின்மேல் இறுகிய மண்ணைக்கூட ஓடு விரியாமல் எடுத்துவிடுவார். குழிக்கு மேஸ்திரியாக இருந்தவர் அவருடைய மனைவிக்கு அண்ணன். "எங்க மாப்பிள்ளை கை பட்டா மண்ணுக்கே தெரியாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்.

அந்தக் கல்லை எடுத்தது பூனைதான். இயக்குநர் குழிக்குள் இறங்கி, தூரிகையால் மண்ணைத் தட்டி, கண்ணும் வாயும் தெரிந்ததும் குழந்தை மாதிரிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. வாயிலிருந்து தாடை வழியாக விளிம்பு வரைக்கும் ஒரு பள்ளம் கோணலாக ஓடியது. கத்தியால் இழுத்தது போல.

"இது என்ன வெட்டு? யார் பண்ணது?"

பூனைதான் தானாக வாயைத் திறந்தார். "சார், எடுக்கும்போது ஒரு தடவ கொத்துக்கரண்டி பட்ட சத்தம் கேட்டுச்சு சார்."

அதுவே போதுமானதாக இருந்தது. அன்று சாயங்காலமே அவரை அனுப்பிவிட்டார்கள். ஆளைச் சேர்த்துவிட்ட பாவத்துக்கு மேஸ்திரியும் எல்லார் முன்னாலும் ஏச்சு வாங்கினார். தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் கல் பென்சிலக்காவின் மேஜைக்கு வந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்த ஒரு நிமிஷத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. மாக்கல்லில் புதிதாகக் கீறினால் மாவு போல வெளுப்பு தெரியும். இந்தப் பள்ளத்தின் அடி கறுத்து, பளபளவென்று தேய்ந்திருந்தது. செதுக்கிய கோடுகளுக்குள் படிந்திருந்த அதே பழைய சுண்ணாம்புப் படலம் இதற்குள்ளும் படிந்திருந்தது. கல்லைத் திருப்பினாள். பின்பக்க ஓரத்தில் கடுகளவு சில்லு பெயர்ந்த ஒரு பொரிசல், சுத்த வெள்ளையாக. கரண்டி பட்டது அங்கே. பள்ளம் எட்டாயிரம் வருஷத்துப் பள்ளம்.

கல்லையும் பாதி வரைந்த படத்தையும் எடுத்துக்கொண்டு இயக்குநரிடம் போனாள். அவர் கல்லைப் பார்க்கவில்லை, படத்தைத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடலாம்" என்றார்.

"சார், இந்த வெட்டு..."

"அத வரையாதே. எவனோ பண்ண அசிங்கம், அந்த முகத்துல எதுக்கு?"

அவள் படத்தைப் பார்த்தாள். வெட்டு இல்லாமல் அந்த முகம் முழுமையாக இருந்தது. அவள் அதுவரை வரைந்த எதுவும் அப்படி வந்ததில்லை.

"சரி சார்" என்றாள்.

அடுத்த வாரம் பள்ளத்தில் சாந்து பூசி அடைத்தார்கள். அதன்மேல் கல்லின் நிறத்தைக் குழைத்துத் தீட்டியதும் அவள்தான். மூன்று வாரம் கழித்து வேலை நிரந்தரமானது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று பல வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உண்மையிலேயே சம்பந்தமில்லைதான். யாரும் அவளை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. அதை நினைத்தால்தான் அவளுக்கு உடம்பு கூசும்.

*

நுண்ணோக்கிக்குக் கீழே கல்லை வைத்த கொஞ்ச நேரத்தில் ஆய்வாளர் நிமிர்ந்தாள். "அக்கா, இங்க ஏதோ பூசியிருக்கு."

"சேதம் இருந்துச்சு. அடைச்சாங்க."

"எடுத்துப் பார்க்கலாமா?"

சாந்தை அகற்றும் வேலையையும் பென்சிலக்காவே செய்தாள். மறுக்கக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. பஞ்சைத் திரவத்தில் நனைத்து ஒற்றி எடுக்க எடுக்க, தான் தீட்டிய நிறம் பஞ்சில் ஏறியது. அப்புறம் சாந்து இளகிச் சிறு சிறு துண்டாக வந்தது. ஒரு மணி நேரத்தில் பள்ளம் முழுசாகத் தெரிந்தது. கறுத்து, பளபளவென்று, அன்றைக்குப் பார்த்தது போலவே.

ஆய்வாளர் குனிந்தவள் நிமிரவே இல்லை. "அக்கா, இது வெட்டே இல்ல. நாரு உரசி உரசித் தேஞ்ச பள்ளம். கோடெல்லாம் நீளவாட்டுல ஓடுது பாருங்க. கயிறு இறங்கின வழி இதுதான். நான் தேடினது இதுதான்." பிறகு திரும்பிப் பார்த்தாள். "இது எப்படி அக்கா உங்க படத்துல இல்லாம போச்சு?"

"பதிவேட்டுல சேதம்னு எழுதியிருந்துச்சு. சேதத்த வரையறதில்ல."

இரண்டு வாக்கியமும் பொய்யில்லை. ஆனால் சொன்ன வாய் கசந்தது.

ஆய்வாளர் பழைய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தாள். "'தொழிலாளியின் கவனக்குறைவால் ஏற்பட்ட வெட்டு. தொழிலாளி வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.' அடப்பாவமே. யாரு அக்கா அது?"

"பூனைன்னு கூப்பிடுவாங்க."

"செய்யாத தப்புக்குப் போயிருக்காரே. அவருகிட்ட யாராவது சொல்லணும் இல்ல?"

அவள் வெள்ளந்தியாகத்தான் கேட்டாள். பென்சிலக்கா பஞ்சுத் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பைக் கூடையில் போட்டாள்.

*

போவதா வேண்டாமா என்று ஒன்பது நாள் ஓடியது. கடிதம் எழுதிப் பார்த்தாள். 'தவறு நேர்ந்துவிட்டது' என்று எழுதியவள், யாருக்கு நேர்ந்தது என்று தன்னையே கேட்டுக்கொண்டு கிழித்துப் போட்டாள். அலுவலக வண்டி ஓட்டுநருக்குப் பூனை இருக்கும் இடம் தெரிந்திருந்தது. சந்தைக்குப் பக்கத்தில் சைக்கிள் நிறுத்துமிடத்தில் காவல் இருக்கிறாராம். வீடு அதற்குப் பின்னாலேயே.

ஞாயிற்றுக்கிழமை போனாள். இரண்டு அறை கொண்ட வீடு. முன்னறையில் ஜன்னலை ஒட்டித் தையல் இயந்திரத்தில் அவர் மனைவி ஒரு கால்சட்டையைச் சுருக்கித் தைத்துக்கொண்டிருந்தாள். பூனை தரையில் உட்கார்ந்து பூட்டுகளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்து, ஒரு கணம் யோசித்து, முகம் மலர்ந்துவிட்டது.

"அட, பென்சிலம்மா. வாங்க, வாங்க. இந்தா, அந்த நாற்காலிய எடுத்துப் போடு. நான் சொல்லுவேனே, கல்லப் பார்த்துக் கல்லையே காகிதத்துல இறக்கி வெச்சிடுவாங்கன்னு, அவங்கதான்."

அந்த வரவேற்பை அவள் எதிர்பார்க்கவில்லை. ஏசுவார், கதவைச் சாத்துவார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தாள். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். பூனை தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"அந்தக் கல்லு நல்லா இருக்கா பென்சிலம்மா? வெட்டு வெளிய தெரியாம பூசிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். கொஞ்சம் மனசு ஆறிச்சு. எத்தன ஆயிரம் வருஷமா மண்ணுக்குள்ள ஒண்ணும் ஆகாம இருந்தத, என் கை பட்டு..." மேலே சொல்லாமல் பூட்டைத் துடைத்தார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பழி சுமத்தினார்கள் என்று இவர் கோபமாக இல்லை. தானேதான் செய்தோம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். பதினெட்டு வருஷமாக.

"அண்ணே, அத நீங்க பண்ணல" என்றாள்.

"எத?"

"அந்த வெட்ட. அது வெட்டே இல்ல. அந்தக் காலத்து ஆளுங்க கயிறு திரிச்சுத் திரிச்சுத் தேஞ்ச பள்ளம்."

அவர் ஆறுதல் சொல்கிறவளைப் பார்ப்பது போலப் பார்த்துச் சிரித்தார். "இல்ல பென்சிலம்மா. நான்தான். எனக்கே சத்தம் கேட்டுச்சே."

நுண்ணோக்கியில் எடுத்த புகைப்படங்களைப் பையிலிருந்து எடுத்துத் தரையில் பரப்பினாள். வெளுத்த பொரிசல் எது, கறுத்த பள்ளம் எது என்று விரல் வைத்துக் காட்டினாள். "உங்க கரண்டி பட்டது பின்னால. கடுகளவு. அவ்வளவுதான்." அவர் படங்களைத் தொடாமல் குனிந்து பார்த்தார். திரும்பத் திரும்பப் பார்த்தார். அவருக்கு அந்தக் கல் தெரியும், மண்ணும் தெரியும். விளக்க வேண்டிய தேவை அதிகம் இருக்கவில்லை.

"இது எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?" என்று கேட்டார்.

போன வாரம் என்று சொல்லியிருக்கலாம். ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த பெண் கண்டுபிடித்தாள் என்று சொல்லியிருக்கலாம். அதை யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அந்த இரண்டு பதிலும் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டுத்தான் போயின.

"மறுநாளே தெரியும்."

தையல் இயந்திரம் நின்றது.

"நீங்க போன மறுநாள் காலையிலயே பார்த்தேன். சொல்லல."

பேசியது அவர் மனைவிதான். பென்சிலக்காவைப் பார்த்துக்கூட இல்லை. கையில் இருந்த கால்சட்டையைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப நான் மாசமா இருந்தேன். பொண்ணு பொறந்ததும் கையில கொடுத்தா வாங்க மாட்டேன்னுட்டாரு. 'என் கை சரியில்ல, கீழ போட்டுருவேன்'னு. அது நடக்கிற வரைக்கும் ஒரு நாள்கூடத் தூக்கல. இந்த வீட்டுல கண்ணாடித் தம்ளர் கிடையாது. வாங்க விட மாட்டாரு. பொண்ணோட வரலாற்றுப் புத்தகத்து மேல அந்தக் கல்லு படம் இருக்கும். புத்தகம் வந்த அன்னிக்கே உட்கார்ந்து அட்டை போட்டுருவாரு. அவ பொறுப்பான அப்பான்னு நெனச்சுக்கிட்டா."

பென்சிலக்காவால் தலையை நிமிர்த்த முடியவில்லை. அட்டைக்கு அடியில் ஒளிந்தது தன் படம். தரை சிமெண்டில் எண்ணெய்த் துளி ஒன்று பரவிக்கொண்டிருந்ததை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூனை எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு ஒரு உதவி செய்வீங்களா? இத எங்க மச்சான்கிட்ட வந்து சொல்லணும். இப்பவே."

*

மேஸ்திரி வீடு நாலு தெரு தள்ளி இருந்தது. அண்ணனும் தங்கையும் நாலு தெரு இடைவெளியில் பதினெட்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். பூனை முன்னால் வேகமாக நடந்தார். மனைவி வேண்டுமென்றே பென்சிலக்காவுக்கு எதிர்ப்பக்கமாக, தெருவின் மறு ஓரத்தில் வந்தாள்.

மேஸ்திரி வாசல் குழாயைக் கழற்றிப் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார். வயது எழுபதை நெருங்கியிருக்கும். தங்கையைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனர் அப்படியே நின்றது. வா என்று சொல்லவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை.

"மச்சான், இவங்க ஒண்ணு சொல்லணுமாம்" என்றார் பூனை.

நின்ற வாக்கிலேயே பென்சிலக்கா சொன்னாள். இரண்டாவது தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. உள்ளேயிருந்து மேஸ்திரியின் மருமகளும் வந்து கதவருகே நின்றாள். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கையூன்றிக் கேட்டார். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லை. அவளும் குரலைத் தாழ்த்தவில்லை.

மேஸ்திரி முழுவதையும் கேட்டுவிட்டு முதலில் பூனையிடம்தான் திரும்பினார். "நீ பண்ணலன்னா பண்ணலன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம் இல்ல மாப்பிள்ளை?"

"எனக்கே தெரியாதே மச்சான்."

"நான் உன்ன நம்பியிருக்கணும்." அதை அவர் குழாயிடம் சொன்னார். பிறகு பென்சிலக்காவைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்க. நேர்ல பார்த்தவங்க. ஏம்மா வாயத் திறக்கல? வேல போயிடும்னு பயமா?"

அவர் கேட்டதிலேயே ஒரு பதிலும் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் அவர் இரங்கியிருப்பார். வேலைக்குப் பயந்தவர்களை அந்தத் தெருவில் எல்லாருக்கும் தெரியும்.

"பயம் இருந்துச்சு" என்றாள். "ஆனா அது மட்டும் இல்ல. படம் நல்லா வந்திருந்துச்சு. அந்தப் பள்ளத்தப் போட்டா கெட்டுப்போயிடும்னு தோணுச்சு."

மேஸ்திரிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்தபோது அவர் முகத்தில் வந்தது கோபம்கூட இல்லை. கடையில் வாங்கிய பொருளில் புழு நெளிவதைப் பார்த்தவர் முகம் அப்படித்தான் இருக்கும். "ஒரு படத்துக்காகவா" என்றார். அதற்குமேல் அவளிடம் பேசவில்லை. தங்கையையும் மாப்பிள்ளையையும் உள்ளே கூப்பிட்டார். பூனை உள்ளே போகுமுன் திரும்பி, "நீங்க பார்த்துப் போங்க பென்சிலம்மா" என்றார். அவர் மனைவி திரும்பவில்லை.

*

அடுத்த நாள் அவள் நடந்ததை முழுவதும் எழுதி, கையெழுத்துப் போட்டு, இப்போதைய இயக்குநரிடம் கொடுத்தாள். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இவ்வளவு விவரம் தேவையா?" என்று கேட்டார். தேவை என்றாள். விசாரணை நடந்தது. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. பதிவேட்டில் அந்த வரியை அடித்து, பக்கத்தில் திருத்தம் எழுதினார்கள். திருத்தத்தின் நகல் பூனையின் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் போனது.

அலுவலகத்தில் செய்தி பரவ அரை நாள்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலை மேஜைக்கு வந்தால் நடுவில் புத்தம் புது அழிப்பான் ஒன்று இருந்தது. டிக்கெட் கொடுக்கும் இடத்தில் 'ரப்பரக்கா' என்று யாரோ சொல்ல, மற்றவர்கள் சிரிப்பை அடக்கியது அவள் காதில் விழுந்தது. அவள் அந்த அழிப்பானை எடுத்து டப்பாவில் போட்டுக்கொண்டாள். நல்ல அழிப்பான்தான். அவளுடன் அளவுக்கு மீறி அன்பாகப் பேசியவர்களைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

பழைய இயக்குநர் ஒரு நாள் போன் செய்தார். ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது. ஆய்வாளர் எழுதிய கட்டுரை அவர் கைக்கும் போயிருக்கிறது.

"தாய்முகம்தான் என் ஆயுசுல நான் எழுதினதுலயே பெரிய கட்டுரை" என்றார். குரல் தளர்ந்திருந்தது. "நீ அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா?"

கேட்டிருக்க மாட்டார் என்றுதான் அவள் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். அந்த நினைப்பு ஒரு சௌகரியம். ஆனால் சொல்லிப் பார்த்து அவர் மறுத்திருந்தால்தானே அது நிஜம். அவள் சொன்னது 'சரி சார்' மட்டும்தான்.

"தெரியல சார்" என்றாள். "சொல்லல. தப்பு."

அவர் ஏதோ சொல்ல வந்து, இருமிவிட்டு, போனை வைத்தார்.

புதுப் படத்தை அவளையே வரையச் சொன்னாள் ஆய்வாளர். வேறு ஆளைப் பார்க்கச் சொல்லிப் பென்சிலக்கா மறுத்தாள். "அக்கா, என்மேல உங்களுக்கு வருத்தமா?" என்று அந்தப் பெண் கேட்டபோது, இவளாவது தன்னைத் தப்பாக நினைக்க வேண்டாம் என்று ஒத்துக்கொண்டாள். நான்கு நாள் எடுத்தது. பின்பக்கத்துக் கடுகளவுப் பொரிசலைக்கூட விடவில்லை. பள்ளத்தோடு பார்த்தால் முகம் போய்விட்டது. வாய் வாயாக இல்லை, கண் கண்ணாக இல்லை. மூன்று துளையும் ஒரு வழியும் உள்ள ஒரு கருவி. அது அழகாக இருக்கிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

*

கல்லுக்குப் புதுப் பெயர்ப்பலகை வைப்பதற்கு முன்னால், அருங்காட்சியகத்தின் பின்முற்றத்தில் கயிறு திரித்துக் காட்டலாம் என்று ஆய்வாளர் ஏற்பாடு செய்தாள். பள்ளத்தோடு புதிதாக ஒரு நகல் செய்து கொண்டுவந்திருந்தாள். பூனையைக் கூப்பிட்டதும் அவள்தான். வருவார் என்று பென்சிலக்கா நினைக்கவில்லை. மனைவியோடு வந்தார். துவைத்து மடிப்பு கலையாத சட்டை.

ஆய்வாளர் அசல் கல்லைத் துணி விரித்த தட்டில் கொண்டுவந்து அவரிடம் நீட்டினாள். "கையில எடுத்துப் பாருங்க. முதல்ல எடுத்ததே நீங்கதானே."

அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "வேணாம்மா. அப்படியே மேஜையில வைங்க. நான் குனிஞ்சு பார்த்துக்கறேன்."

எட்டாயிரம் வருஷத்துப் பள்ளம்தான் என்று தெரிந்துவிட்டது, பதிவேடு திருத்தியாகிவிட்டது, கடிதமும் வீட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் அவர் கை நீளவில்லை. மேஜையைச் சுற்றி மூன்று பக்கத்திலிருந்தும் குனிந்து பார்த்தார். "நல்லா உழைச்ச கல்லு" என்று மட்டும் சொன்னார். பென்சிலக்கா சற்றுத் தள்ளி, தூண் பக்கத்தில் நின்றாள். அங்கிருந்து போய்விடலாம் என்று தோன்றியது. போய்விட்டால் தனக்குத்தான் சுலபம் என்பதால் போகாமல் நின்றாள்.

நகல் கல்லை ஆய்வாளர் பிடித்துக்கொண்டாள். மூன்று துளையிலும் நார்க்கட்டுகளை விட்டாயிற்று. முறுக்குவதற்கு மூன்று பேர் வேண்டும். பூனை ஒன்றை வாங்கிக்கொண்டார். நார் என்றால் அவருக்குப் பயமில்லை போலிருக்கிறது. அலுவலக ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்க, அவர் மனைவி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து இரண்டாவது கட்டைப் பிடித்தாள். மூன்றாவதற்கு ஆய்வாளர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "அக்கா, வாங்க" என்றாள்.

பென்சிலக்கா பூனையின் மனைவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மேஸ்திரி வீட்டு வாசலுக்குப் பிறகு இவ்வளவு நெருக்கத்தில் நிற்பது இப்போதுதான். அவள் இவளைப் பார்க்கவில்லை.

மூவரும் ஒரே திசையில் முறுக்கத் தொடங்கினார்கள். நார் துளைக்குள் நுழைந்து, மரையில் சுழன்று, அந்தப் பக்கம் மூன்றும் ஒன்றாகி இறங்கியது. ஒரு முழம் ஆயிற்று. முன்பு சிக்கிய இடம் வந்தது. கயிறு பள்ளத்துக்குள் உட்கார்ந்து, நழுவாமல், விளிம்பைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போனது. யாரோ கை தட்டினார்கள். ஆய்வாளரின் கண் கலங்கிவிட்டது. இரண்டு முழம், மூன்று முழம்.

பென்சிலக்காவின் கை ஈரமாகி, நார் விரலில் வழுக்கியது. அவள் பிடித்திருந்த நாரில் முறுக்கு குறைந்து, கயிறு ஒரு பக்கமாகப் புடைத்தது.

"இழுத்துப் பிடிங்க" என்றாள் பூனையின் மனைவி, முன்னால் பார்த்தபடியே. "உங்க பக்கம்தான் தளருது."

"சரிங்க" என்று பென்சிலக்கா பிடியை இறுக்கினாள். உள்ளங்கை எரிந்தது. நார் தீரும் வரைக்கும் விடவில்லை.